துளியின் அளவு: சிரைவழித் திரவக் கணக்கின் வரலாறு

ஒரு லிட்டர் உப்புநீரை எட்டு மணி நேரத்தில் செலுத்த வேண்டும். குழாயின் துளிக்காரணி 20. நிமிடத்துக்கு எத்தனை துளி? பெங்களூரின் மருந்தியல், செவிலியர் கல்லூரி மாணவர் எவரது குறிப்பேட்டைப் புரட்டினாலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் கிடைக்கும். ஆயிரத்தை இருபதால் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் விடை 41.67. இதைச் செய்வதற்கு உயர்நிலைப்பள்ளிக் கணிதம் போதும். வரலாறு தேவைப்படுவது வேறொரு கேள்விக்கு: ஒரு மில்லிலிட்டருக்கு இருபது துளி என்பதை யார், எப்போது, எதைக் கொண்டு தீர்மானித்தார்கள்?

மருந்தாளுநர்கள் துளியை நம்பாமற்போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. துளியின் பருமன் திரவத்தின் பரப்பு இழுவிசையையும் புட்டியின் விளிம்பையும் பொறுத்து மாறும். சாராயத்தில் கரைத்த மருந்தின் துளி, நீர்த்துளியில் பாதி அளவுகூட இராது. அபின் கரைசலை எண்ணிக்கையால் கொடுத்த காலத்தில் ‘இருபது துளி’ என்ற சீட்டு ஒரு கடையில் ஓர் அளவையும் அடுத்த கடையில் இன்னோர் அளவையும் குறித்தது. ஆகவே 1809ஆம் ஆண்டின் லண்டன் மருந்துநூல், துளிக்குப் பதிலாக ‘மினிம்’ என்ற அலகைக் கொண்டுவந்தது. திரவ டிராமில் அறுபதில் ஒரு பங்கு ஒரு மினிம். அதை எண்ணக் கூடாது, கோடிட்ட கண்ணாடிக் குழலில் அளக்க வேண்டும்.

இந்தத் திருத்தம் சரியானதே. ஆனால் அது குடியேறிய வீடு குழப்பமானது. இருபது கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள், மூன்று ஸ்குரூப்பிள் ஒரு டிராம், எட்டு டிராம் ஓர் அவுன்ஸ் என்பது மருந்துக்கடை வாய்பாடு. அதன்படி அவுன்ஸுக்கு 480 கிரெயின். கடைவீதி அவுன்ஸுக்கோ 437.5 கிரெயின்தான். 1864ஆம் ஆண்டின் முதல் பிரிட்டிஷ் மருந்துநூல் கடைவீதி அவுன்ஸையே ஏற்றுக்கொண்டது. அறுபது கிரெயின் டிராம் பழக்கத்திலிருந்து போகவில்லை. டிராமுக்கும் அவுன்ஸுக்கும் உரிய கையெழுத்துக் குறிகளிடையே இருந்த வேறுபாடு ஒரே ஒரு வளைவு. அந்த வளைவை மருத்துவர் அவசரத்தில் விட்டுவிட்டாலோ கூட்டிவிட்டாலோ மருந்து எட்டு மடங்கு மாறும்.

அக்கால மாணவர் எதைப் பயின்றார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நூற்றுக்கு ஒரு பங்குக் கரைசல் இன்று ஒரு கிராமுக்கு நூறு மில்லிலிட்டர், யோசிக்க ஒன்றுமில்லை. அன்றோ ஒரு திரவ அவுன்ஸ் நீரின் எடை 437.5 கிரெயின், அதன் பருமன் 480 மினிம். எனவே ஒரு கிரெயின் மருந்தை நூறு மினிமில் கரைத்தால் தவறு; ஏறத்தாழ 110 மினிமில் கரைக்க வேண்டும். எடையும் பருமனும் தனித்தனி வாய்பாடுகளில் வாழ்ந்ததன் விலை இது.

தமிழ் வழக்கிலும் நிறுத்தலளவைக்குப் பஞ்சமில்லை. குன்றிமணி, மஞ்சாடி, பணவெடை, வராகனெடை, பலம், சேர், வீசை எனச் சித்த மருத்துவ ஏடுகளில் நீளும் வரிசை இன்று மெட்ரிக் அளவுக்கு மாற்றப்பட்டுக் கற்பிக்கப்படுகிறது: குன்றிமணி 130 மில்லிகிராம், வராகனெடை 4.2 கிராம், பலம் 35 கிராம். சென்னை மாகாணக் கணக்கில் மூன்று தோலா ஒரு பலம். தோலாவுக்கு 180 கிரெயின். ஆக, பலத்துக்கு 540 கிரெயின், அதாவது 35 கிராம். கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம் ஆதலால் குன்றிமணி இரண்டு கிரெயினுக்கு நேராக வந்து நிற்கிறது. ஒன்று தானியமணி, மற்றொன்று கொடியில் காய்க்கும் சிவப்பு விதை. இரு மருத்துவ மரபுகளும் நுண்ணிய எடைக்கு விதையையே நாடியது வியப்பன்று. வேறு எது அவ்வளவு சீராகவும் மலிவாகவும் கிடைத்திருக்கும்?

வாய்வழி மருந்தில் அளவு பிசகினால் வயிறு ஓரளவு தடுத்துக்கொள்ளும். நேரே சிரையில் செலுத்துவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1831-32ஆம் ஆண்டுகளின் காலராவின்போது வில்லியம் புரூக் ஓ’ஷானஸி நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்தாய்ந்து, அது நீரையும் உப்பையும் இழந்திருப்பதைக் காட்டினார். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா அந்த இழப்பைச் சிரைவழியே ஈடுசெய்தார். ஆறு பைண்ட் நீருக்கு இரண்டு முதல் மூன்று டிராம் உப்பும் சிறிதளவு சோடாவும் என்பது அவரது கரைசல். இம்பீரியல் பைண்ட் எனக் கொண்டால் உப்பு 0.23 முதல் 0.34 விழுக்காடு, இன்றைய 0.9 விழுக்காட்டில் மூன்றிலொரு பங்களவே. அவருடைய முதல் நோயாளியான மூதாட்டி, அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட் ஏற்றியதும் எழுந்தது போலத் தேறினார். வயிற்றுப்போக்கு திரும்பியபோது மீண்டும் ஏற்றப்படாமையால் சில மணி நேரத்தில் இறந்தார். மொத்த அளவை எண்ணியவர்களுக்குத் தொடர்ச்சியை எண்ணத் தோன்றவில்லை.

ஓ’ஷானஸி 1833இல் கல்கத்தா வந்தார். ஆனால் இந்தியாவில் அவர் பெயர் நிலைத்தது கஞ்சா ஆய்வாலும் தந்திக் கம்பியாலும்தான். 1895இல் பெங்களூரில் காலரா பரவியபோது அங்கு அனுப்பப்பட்ட ரொனால்ட் ராஸுக்கு இடப்பட்ட பணி நகரின் சுகாதார ஏற்பாட்டைச் சீர்செய்வது. லாட்டாவின் முறை அதற்குள் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது. அதை இந்திய மண்ணில் கணக்கோடு மீட்டவர் கல்கத்தாவின் லெனர்ட் ராஜர்ஸ். 1900களின் பிற்பகுதியில் அவர் பைண்டுக்கு 120 கிரெயின் உப்பைப் பயன்படுத்தினார். ஒரு பைண்ட் நீர் 8,750 கிரெயின், எனவே 1.37 விழுக்காடு. எவ்வளவு ஏற்றுவது என்பதையும் அவர் ஊகத்துக்கு விடவில்லை. வெவ்வேறு அடர்த்தியுள்ள கிளிசரின் கலவைகளில் நோயாளியின் இரத்தத்துளியை இட்டு, எதில் அது மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கிறது எனப் பார்த்து, இரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டுள்ளது என்று அறிந்தார். பத்துக்கு ஆறு என்ற அளவில் இருந்த இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

ஆயினும் ராஜர்ஸ் பைண்ட் பைண்டாக விரைந்து ஏற்றினார். சொட்டுச் சொட்டாக அன்று. நிமிடத்துக்கு இத்தனை துளி என்ற கேள்வி எழ, மணிக்கணக்கில் இடைவிடாது செலுத்தும் முறை வேண்டும். 1924இல் நியூ ஆர்லியன்ஸ் அறுவை மருத்துவர் ருடால்ஃப் மட்டாஸ் அத்தகைய தொடர் சொட்டு முறையை விவரித்தார். 1809இல் அளவையிலிருந்து வெளியேற்றப்பட்ட துளி, இப்போது கண்ணாடி அறைக்குள் எண்ணத்தக்கதாகத் திரும்பிவந்தது. மாறியது துளியல்ல, அது விழும் வாய். வாயின் விட்டம் நிலையானால் நீர்த்தன்மையுள்ள கரைசலின் துளியும் பெருமளவு நிலையாகும்.

இந்தியா 1956இல் எடை, அளவைச் சட்டத்தை இயற்றி, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் முறையைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பதையும் நூற்றுப் பத்தையும் மனனம் செய்யும் சுமை நீங்கியது. புதியதோர் இடர் நுழைந்தது. கிரெயினும் கிராமும் ஆங்கிலச் சுருக்கத்தில் மட்டுமன்றித் தமிழ் எழுத்திலும் இரட்டையர் போன்றவை. இடைவெளியோ பதினைந்து மடங்கு. அலகு மாறும் காலத்தில் ஆபத்தானவை அயலாக ஒலிக்கும் சொற்களல்ல, ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களே. இன்று அதே இடத்தில் மில்லிகிராமும் மைக்ரோகிராமும் நிற்கின்றன, இடைவெளி ஆயிரம் மடங்கு.

அந்த ஆயிரத்தைத் தினமும் கடப்பது தீவிர சிகிச்சைப் பிரிவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் டோப்பமின் என்றால் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18 மில்லிகிராம். இருநூறு மில்லிகிராமை ஐம்பது மில்லிலிட்டராக்கினால் மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம். பம்பில் பதிக்க வேண்டிய எண் 4.5. எடையை ஆயிரத்தால் வகுக்க மறந்தவரின் விடை 4,500 என வந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். புள்ளி ஓரிடம் தள்ளி 45 என வந்தால் பம்பு மறுக்காமல் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

பம்பு இல்லாத வார்டுகளில் துளியே இன்றும் அளவை. குழந்தைகளுக்கான நுண்துளிக் குழாய் மில்லிலிட்டருக்கு அறுபது துளி தருவது. மணிக்கும் அறுபதே நிமிடமாதலால் மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ நிமிடத்துக்கு அத்தனை துளி. வகுத்தலே தேவையில்லை. மினிமும் அறுபதில் ஒன்றாக இருந்தது தற்செயல். பெரியவர்களுக்கான குழாய்களில் 20 மட்டுமன்றி 10, 15 துளி வகைகளும் உண்டு. 15 துளிக் குழாயில் அந்த 41.67க்குரிய விடை 31.25. எந்தக் குழாய் என்பது கேள்வித்தாளில் முதல் வரியிலேயே தரப்பட்டுவிடுகிறது. வார்டில் அது கிழித்தெறியப்படும் உறையின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது.