சிறுவரில் காபோவைதரேற்றுச் சகிப்பின்மை

பாலிலும் உணவிலும் உள்ள வெல்லங்களைச் சிறுகுடல் செரிக்கவோ உறிஞ்சவோ இயலாதபோது தோன்றும் கோளாறு. எஞ்சிய வெல்லம் குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடல் பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து அமிலமும் வாயுவும் ஆக்கும். மலம் நீராக, நுரைத்து, புளித்த மணத்துடன் போகும். பம்பர்ஸ் படும் இடம் சிவந்து புண்ணாகும்.

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் வழக்கமாக நடப்பது இது: ரோட்டா வைரஸ் வயிற்றோட்டம் தணிந்து வரும் குழந்தைக்கு ஒரு போத்தல் பால்மா கரைத்துக் கொடுத்ததும் மறுபடி வயிற்றால் போகும். தொற்றினால் சிறுகுடல் சடைமுளைகளின் நுனி சிதைந்து, பால் வெல்லமான லக்டோஸைச் செரிக்கும் லக்டேஸ் நொதியம் அங்கு குறைந்திருப்பதே காரணம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சீராகும். இதை ஆயுட்கால நோயென்று எண்ணிப் பாலை வருடக்கணக்காக நிறுத்துவது தேவையற்ற தண்டனை. வயது ஏற ஏற லக்டேஸ் குறைவது வேறு விடயம். பிரையன் செனவிரத்ன குழுவினரின் 1977ஆம் ஆண்டு இலங்கை ஆய்வு, சோதிக்கப்பட்டோரில் பெரும்பாலானோரிடம் அக்குறைவைக் கண்டது.

எதைக் குடித்து எவ்வளவு நேரத்தில் வயிற்றால் போனது என்று தாய் சொல்லும் விபரமே முதற்சான்று. அடுத்து மலச் சோதனை. பம்பர்ஸ் நீரை உறிஞ்சிவிடுவதால் பிளாஸ்டிக் தாளில் ஏந்திய புதிய மலத்தின் நீர்ப்பகுதி வேண்டும். பி.எச். 5.5க்குக் கீழும் தாழ்த்தும் வெல்லம் 0.5 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். தாழ்த்தும் வெல்லத்தைக் காட்டுவது சாதாரண தர மாணவர் அறிந்த பெனடிக்ற் சோதனைதான். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு மூச்சு ஐதரசன் சோதனை உண்டு. மலத்தில் இரத்தம், தோலில் கரப்பன் என்றால் பால்புரத ஒவ்வாமையை எண்ணவேண்டும். அதன் சிகிச்சை வேறு.

100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் சுமார் 7 கிராம் லக்டோஸ், பசுப்பாலைவிட அதிகம். ஆனாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. நீரிழப்புக்கு ஜீவனி எனும் வாய்வழி நீரேற்றக் கரைசல், 10 முதல் 14 நாட்களுக்கு சிங்க், வழக்கமான சோறும் கஞ்சியும் போதும். பால்மா குடிக்கும் குழந்தைக்கு வயிற்றோட்டம் நீடித்தால் மட்டும், வைத்தியர் சொற்படி லக்டோஸ் அற்ற பால்மா சில வாரங்களுக்கு. ஆட்டுப்பால் மாற்றாகாது, அதிலும் லக்டோஸ் உண்டு. சோளம், சோயாவுடன் பால்மாவும் சேரும் திரிபோஷா சத்துமாவிலும் லக்டோஸ் உண்டென்பதைப் பலர் மறந்துவிடுவர். பெரிய பிள்ளைகள் யோகட்டைப் பெரும்பாலும் தாங்குவர். பால் குறையும்போது, முள்ளோடு உண்ணும் நெத்தலியும் எள்ளும் கல்சியம் தரும்.

அரிதான பிறவி வகைகளில், சுக்குரோசு சகிப்பின்மை பழமும் சீனியும் ஊட்டத் தொடங்கியபின் வெளிப்படும். சுக்குரோசு தாழ்த்தும் வெல்லமன்று. மலத்தை அமிலத்துடன் சூடாக்கிய பிறகே பெனடிக்ற் அதைக் காட்டும். 1962இல் சுவீடனில் விபரிக்கப்பட்ட குளுக்கோசு-கலக்டோசு உறிஞ்சற்குறை பிறந்த சில நாட்களிலேயே உயிராபத்தாகும். இக்குழந்தைகளுக்கு குளுக்கோசு கலந்த ஜீவனியே வயிற்றோட்டத்தைக் கூட்டும். நாளம் வழி நீரேற்றி, பின் பிரக்டோசு சேர்த்த தனிப் பால்மாவில் வளர்ப்பர்.