கோப்பும் வட்டமும்

பத்துப் பேர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வதற்கு வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போன கருவி, கோப்பு. தாலுகா கச்சேரியில் அதன் ஆட்சி எப்படி நடந்தது என்பது பட்டா மாற்ற அலைந்தவர்களுக்குத் தெரியும். குமாஸ்தா குறிப்பு எழுதுவார். அதன் கீழே தலைமைக் குமாஸ்தா எழுதுவார். பிறகு அது தாசில்தார் மேஜைக்குப் போகும். போன வழியே திரும்பி வரும். சிவப்பு நாடாவை எல்லாரும் கேலி செய்கிறார்கள். எனக்கு நாடாவின் மேல் கோபம் இல்லை. கோப்பு ஒரு சமயத்தில் ஒரு மேஜையில்தான் இருக்க முடியும் என்பதுதான் சங்கதி. யார் மேஜையில் இருக்கிறதோ, அன்றைக்கு அவர் ராஜா.

இந்த ராஜாங்கத்தை ஆட்டம் காண வைத்த விஷயம் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் ஒரு பெரிய சபையின் முன் அமர்ந்து, சுமார் 50 கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்த சகாவோடு ஒரே திரையில், ஒரே ஏட்டில் வேலை செய்து காட்டினார். சபையோர் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு அவரவர் கோப்புக்குத் திரும்பிப் போனார்கள்.

1973-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தமானது. அங்கே 'பிளேட்டோ' என்ற கணினியில் பழுதுகளை எழுதி வைக்க ஒரு பொது ஏடு இருந்தது. யாரும் எழுதலாம், தொல்லை என்னவென்றால், பிறர் எழுதியதை யாரும் அழிக்கவும் செய்யலாம்! டேவிட் வுல்லி என்ற இளைஞர் அதைச் சீர்திருத்தினார். எழுதியவர் பெயரும் தேதியும் தாமாகவே விழும். பதில் அதன் கீழே தொடரும். அடுத்தவர் எழுத்தில் கை வைக்க முடியாது. அதற்கு 'நோட்ஸ்' என்று பெயர். அதே இடத்தில் படித்த ரே ஆஸி, 1989-இல் கம்பெனிகளுக்காக 'லோட்டஸ் நோட்ஸ்' வெளிவரக் காரணமானார். யோசித்துப் பார்த்தால் நம் குமாஸ்தாவின் குறிப்புக் காகிதமேதான். ஆனால் எல்லார் மேஜையிலும் ஒரே சமயத்தில் கிடக்கிறது.

அப்படியானால் மேஜை எந்த ஊரில் இருந்தால் என்ன? இந்தக் கேள்விக்குத் தென்காசியில் ஒரு பதில் கிடைத்தது. படித்த பிள்ளைகளைப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, தீபாவளிக்குக் காத்திருப்பதுதான் இந்த ஊர்த் தாய்மார்களின் வழக்கம். 1996-இல் தொடங்கிய, இன்று ஸோஹோ எனப்படும் கம்பெனி, பக்கத்து மத்தளம்பாறையில் காரியாலயம் வைத்தது. உலகெங்கும் வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க உதவும் 'ஸோஹோ டெஸ்க்' இங்கே உருவாகி 2016-இல் வெளிவந்தது. 2019-இல் ஸ்ரீதர் வேம்புவே கலிபோர்னியாவிலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறினார். அவர்கள் கம்பெனியின் செய்திச் செயலிக்கு 'அரட்டை' என்று பெயர். வேலைக்கு விரோதி என்று நம் வாத்தியார்கள் பிரம்பெடுத்த அதே அரட்டை!

அரட்டைக்கு இந்தச் சீமையில் ஒரு கௌரவமான வம்சமும் உண்டு. நெல்லை வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி, பின்னால் அவரோடு குற்றாலத்துக்கு வந்தது. 1954-இல் அவர் மறையும்வரை ராஜாஜியும் கல்கியும் தேடி வந்த வட்டம். வட்டத்தில் தலைமேஜை கிடையாது. ஆனால் அதில் சேர நேரில் வரவேண்டும். வரமுடியாதவர்களுக்கு அவருடைய கடிதம் போகும். கடிதத்தை எப்போது பிரித்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. நினைத்தபோது பதில் போடலாம்.

புது வட்டத்தில் அந்தச் சுகம் இல்லை. வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தென்காசிப் பெண் ஒருத்தி சொன்னாள்:

"அம்மா கூடவே இருக்கேன், வாடகை மிச்சம். புதுசா சேந்த நான் எழுதுனதையும் மேலே உள்ளவங்க எல்லாரும் படிக்காங்க, ஸார். முன்னால எம்பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பிறகு என்னம்மா குறை?"

"நான் படிச்சதும் அவங்களுக்குத் தெரிஞ்சுருதே! ராத்திரி பதினோரு மணிக்குப் படிச்சுட்டு, பதில் போடாம எப்படித் தூங்க?"

"அருவிக்குப் போனால்?"

"அப்ப மட்டும் போனைக் கரையில வச்சிருவேன், ஸார். தண்ணி பட்டிரும்லா!"