வெறும் பாத்திரமும் சிதாரும்

கமராப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் கச்சேரிப் படங்கள் வெளியே வரும். "நீ அதுக்குப் போனனியே?" என்ற கதையும் கூடவே வரும். நான் எப்போதும் இழுப்பது, நான் போகாத ஒரு கச்சேரியின் கதையை.

1971 ஓகஸ்ட் 1, நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டன். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு ஓடிவந்த அகதிகளுக்காக ரவிசங்கர் கேட்க, ஜோர்ஜ் ஹரிசன் கூட்டிய மேடை. இரண்டு காட்சிகள், சுமார் 40,000 பேர். சுருதி சேர்த்ததையே வாசிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டியது.

பரி ஃபைன்ஸ்டீன் முதலானோர் எடுத்த படங்கள் இசைத்தட்டோடு 64 பக்கப் புத்தகமாக வந்தன. டிலான், கிளப்டன் எல்லோரும் உள்ளே. முகப்பிலோ வெறும் பாத்திரத்தோடு ஒரு குழந்தை. நிறுவனம் மாற்றச் சொன்னது, ஹரிசன் மறுத்துவிட்டார்.

நட்சத்திரத்தைப் போட்டிருந்தால் அது இன்னொரு கச்சேரிப் படம். அகதியைப் போட்டதால், பார்ப்பவர் இன்றும் 'ஏன்?' என்று கேட்கிறார். அகதியான எனக்கு அந்தக் கேள்வி பெரிது.