புக்கிட் தீமா நிலையமும் கைமாறிய சாவியும்

பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேசும்போது சுவர், கூரை, தூண் இவற்றைத்தான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். அந்தக் கட்டடம் செய்த வேலையை மறந்துவிடுகிறோம். இதற்கு நம் சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதுதான் புக்கிட் தீமா ரயில் நிலையம்.

இங்கு 1903ல் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1923ல் கடற்பாலம் வழியாக ரயில் ஜோகூருக்குச் சென்றது. 1932ல் பாதை மாற்றியமைக்கப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. அந்தப் புதிய பாதையில் எழுந்ததே இன்று நாம் காணும் புக்கிட் தீமா நிலையம்.

தஞ்சோங் பகாரின் கம்பீரம் இதற்கு இல்லை. அங்கே முகப்பில் பளிங்குச் சிற்பங்கள். இங்கே சிவப்புச் செங்கல்லால் கட்டிய ஒரு சிறிய ஒற்றைமாடிக் கட்டடம். ஆனால் இந்தச் சிறிய நிலையம் செய்த வேலை பெரியது.

சிங்கப்பூருக்குள் ஓடியது ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகவே இங்கு இரண்டாவது தண்டவாளம் போடப்பட்டது. நிலையத்தில் இருந்த இரும்பு நெம்புகோல்களை இழுத்தால், தொலைவில் இருக்கும் சைகைக் கம்பத்தின் கை அசையும்.

இதைவிட முக்கியமானது சாவி. அடுத்த நிலையம் வரையுள்ள பாதைக்குள் நுழைய, ரயில் ஓட்டுநரின் கையில் அதற்குரிய சாவி இருக்க வேண்டும். இரு நிலையங்களிலும் உள்ள இயந்திரங்கள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு சாவி வெளியே இருக்கும்வரை, இரண்டு இயந்திரங்களிலிருந்தும் மற்றொரு சாவியை எடுக்க முடியாது. ஆகவே ஒரு பாதையில் ஒரே நேரத்தில் ஒரே ரயில். மோதலுக்கு இடமே இல்லை. சாவியை ஒரு வளையத்தில் மாட்டி ஊழியர் நீட்டுவார். ஓடும் ரயிலிலிருந்தே ஓட்டுநர் அதை வாங்கிக்கொள்வார். கணினி யுகத்திலும் இந்தக் கைமாற்றம் நடந்தது.

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, ஜோகூர் சுல்தான் ஓட்டிச் சென்ற கடைசி ரயிலோடு அது முடிந்தது. மறுநாள் முதல் மலாயன் ரயில்வே உட்லண்ட்ஸோடு நின்றது. அதே ஆண்டில் புக்கிட் தீமா நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. தண்டவாளங்களில் பெரும்பகுதி அகற்றப்பட்டாலும், அருகிலுள்ள இரும்புப் பாலம் தக்கவைக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்ட நிலையம் 2022 ஜூலையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இது பாராட்டத்தக்க முயற்சி.

ஆனாலும் என் கேள்வி இதுதான். வார இறுதியில் அங்கே படம் எடுத்துக்கொள்ளும் இளையர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சாவியைப் பற்றித் தெரியும்? செங்கல்லைப் பூசிக் காக்கலாம். கைவேலையைச் சொல்லித்தான் காக்க வேண்டும். மலாயா ரயில்வேயில் உழைத்தவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். தண்டவாளம் போட்டவர்கள், விளக்கு ஏற்றியவர்கள், சைகை பார்த்தவர்கள் என்று உங்கள் குடும்பத்திலும் ஒரு தாத்தா இருந்திருக்கலாம். அவர்களோடு வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். இன்னும் சில ஆண்டுகள் போனால் கட்டடம் இருக்கும். கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.