வட்டமாய் அமர்ந்த வகுப்பு

கல்வி என்றதும் நம் மூத்தோர் நினைவில் எழுவன கரும்பலகையும் பிரம்புமே. ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லும் அம்முறையில், கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட நம் பிள்ளைக்குப் பாதிப் பாடமே எட்டிற்று. எனினும், செய்து கற்கும் வகுப்பு நம்மவர்க்குப் புதிதன்று.

1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர்க்கென அடையாற்றில் இலவசப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்றது இவரோடுதான். பின்னர்ச் சென்னையில் எழுந்த இத்தகைய பள்ளிகளுள் ஒன்று திருவள்ளுவர் பெயர் தாங்கியது. அங்கே சாரா பால்மர் முதலிய அமெரிக்கப் பெண்மணிகள் கிண்டர்கார்டன் முறையைக் கைக்கொண்டனர். கண்முன் உள்ள பொருள்களே பாடமாயின. அம்முறையை விளக்கிக் கோர்ட்ரைட் 1906இல் ஒரு நூலே எழுதினார். பிள்ளைகளின் தேர்ச்சியை ஆல்காட்டும் பெருமையுடன் எடுத்துரைத்தார். ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. மேற்படிப்பை அவர் இவர்களுக்கு நினைக்கவில்லை. இக்குறையை நாம் மறைத்தல் ஆகாது.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர் வகுத்த முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. அப்போது ஆணையராயிருந்தவர் எம். பி. விஜயகுமார். 2007-08இல் அது மாநிலமெங்கும் பரவி, நம் வ. புதுப்பட்டி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிகளையும் எட்டியது. ஆசிரியரும் பாயில் அமர்ந்தார். பிள்ளைகள் வட்டமாய்ச் சூழ்ந்தனர். கைக்கெட்டும் உயரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கரும்பலகை. முன்வரிசை, பின்வரிசை என்பதே இல்லாதொழிந்தது.

அதனினும் பெரிது கற்றல் ஏணி. நடவுக்கும் அறுவடைக்கும் தாயோடு சென்ற பிள்ளை பத்து நாள் கழித்துத் திரும்பினால், பழைய வகுப்பில் பாடம் அவனைக் கடந்து போயிருக்கும். ஏணியிலோ, விட்ட படியிலேயே மீண்டும் தொடங்கலாம். கூலி வேலைக் குடும்பங்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

ஆனால் முறை மட்டும் போதவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளின் ஏசர் ஆய்வுகள், வாசிப்பில் தமிழகச் சிறுவர் நாட்டின் சராசரிக்கும் கீழே நின்றதைக் காட்டின. பல இடங்களில் அட்டையை எடுப்பதும் வைப்பதுமே சடங்காயிற்று போலும். அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளைப் பற்றி 2020இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பும் இதற்கு ஒளி தருகிறது. செயல்வழி வகுப்புகளில், ஒதுக்கப்பட்ட பிரிவு மாணவர்க்கும் ஏனையோர்க்கும் இருந்த தேர்வு மதிப்பெண் இடைவெளி 33 விழுக்காடு குறைந்தது. அதுவும் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி மாணவர் செயலுக்கே விடப்பட்ட இடங்களில்தான்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. நலிந்த பிரிவினர்க்கும் உரிய விகிதத்தில் இடமுண்டு. அங்கே அமரும் நம் தாய்மார் முதலிற் கேட்கவேண்டுவது, தம் பிள்ளை இன்று வகுப்பில் என்ன செய்தது என்பதையே.