செடிக்குள் ஒளிந்திருந்த ‘மெயின் ஸ்விட்ச்’... கண்டுபிடித்துக் கொடுத்த ஈஸ்ட்! எப்படி?

பன், பிரெட்டை உப்ப வைக்குமே, அதே ஈஸ்ட்தான். குளிரையும் வறட்சியையும் செடிகள் எப்படித் தாங்குகின்றன என்ற கேள்விக்கு விடை தேடியபோது விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது. எப்படி? பார்ப்போம்.

ஒழுங்குபடுத்தும் மரபணு என்றால் என்ன?

ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியிலேயே சுமார் 27,000 மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாமே எப்போதும் வேலை செய்யாது. தேவைப்படும்போதுதான் ‘ஆன்’ ஆகும். அப்படி ஆன் செய்யும் புரதத்தை உருவாக்குவதுதான் ஒழுங்குபடுத்தும் மரபணு. மெயின் ஸ்விட்சைப் போட்டதும் வீடு முழுக்க லைட் எரியுற மாதிரி, இது ஒன்று வேலை செய்தால் பல மரபணுக்கள் சேர்ந்து விழித்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே?

குளிரிலும் வறட்சியிலும் ஆன் ஆகும் மரபணுக்களுக்கு முன்னால் ஒரு குட்டி டி.என்.ஏ. வரிசை இருப்பதை 1994-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். சிம்பிளாகச் சொன்னால், பூட்டு கிடைத்துவிட்டது. சாவி எந்தப் புரதம் என்றுதான் தெரியவில்லை.

ஈஸ்ட்டை வைத்துத் தேடுவது எப்படி?

இந்த முறைக்கு ‘ஈஸ்ட் ஒன்-ஹைப்ரிட்’ என்று பெயர்.

* ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத ஈஸ்ட்டை எடுத்துக்கொள்வார்கள்.

* ஹிஸ்டிடின் தயாரிக்கும் மரபணுவை அதற்குள் வைத்து, அதன் முன்னால் செடியின் ‘பூட்டை’ மாட்டுவார்கள்.

* செடியின் மரபணுக்கள் ஒவ்வொன்றையும், ஆன் செய்யும் திறனுள்ள ஒரு புரதத் துண்டுக்கான மரபணுவுடன் இணைத்து, வெவ்வேறு ஈஸ்ட் செல்களுக்குள் செலுத்துவார்கள்.

* பிறகு ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் வளர விடுவார்கள்.

சரியான சாவி கிடைத்த ஈஸ்ட் பிழைக்கும். மற்றவை வளராது. பிழைத்த செல்லுக்குள் இருக்கும் செடி மரபணு எது என்று பார்த்தால் போதும். அவ்வளவுதான்!

ஆனால், பொருந்தாத சாவியும் சில நேரம் தப்பிப் பிழைக்கும். அதனால் ஈஸ்ட் காட்டும் மரபணுவைச் செடியிலும் சோதித்த பிறகே உறுதி செய்வார்கள்.

என்ன கிடைத்தது?

1997-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தோமாஷோ குழு, இந்த முறையில் ‘சி.பி.எஃப்.1’ மரபணுவைக் கண்டுபிடித்தது. 1998-ல் ஜப்பானின் ஷினோசாகி தம்பதி குழு, ‘டி.ஆர்.இ.பி.’ வகை மரபணுக்களை அடையாளம் கண்டது. சி.பி.எஃப்.1-ஐ அதிகமாக வேலை செய்ய வைத்தபோது, அரபிடாப்சிஸ் செடி உறைபனியைக் கூடுதலாகத் தாங்கியது.

அப்போ எப்போதும் ஆனிலேயே வைத்தால்?

அங்கேதான் அடுத்த சிக்கல். டி.ஆர்.இ.பி.1ஏ மரபணு எந்நேரமும் ஆனில் இருந்தால் செடி வளராமல் குட்டையாகிவிட்டது. கஷ்டம் வரும்போது மட்டும் ஆன் ஆகும்படி ஜப்பான் குழு மாற்றியமைத்ததும் அந்தப் பாதிப்பு பெருமளவு குறைந்தது. இது 1999-ல் வெளியானது. ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வு மையமும் இதே உத்தியை நிலக்கடலையில் சோதித்திருக்கிறது.

ஸ்விட்ச் எது என்பதை ஈஸ்ட் காட்டிக்கொடுக்கும். அதை எப்போது போட வேண்டும் என்பதைச் செடியிடம்தான் கற்க வேண்டும்.