கீழடி: அன்றாட வாழ்வின் தொல்லியல்

கீழடி, சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் வைகையை ஒட்டி அமைந்த தொல்லியல் களம். இந்தியத் தொல்லியல் துறை 2015இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. 4ஆம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்கிறது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமம் கி.மு. 580 எனக் காலம் காட்டியதால், களத்தின் தொன்மையே அதிகம் பேசப்படுகிறது. ஆயினும் கீழடியின் பெரும்பேறு, அங்கு வாழ்ந்த சாதாரண மக்களின் அன்றாடப் பாடுகளை அது காட்டுவதுதான்.

கூரை ஓடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்முனையில் இரண்டு துளைகள். பரப்பில் விரலால் இழுத்த பள்ளங்கள். துளைகள் கயிறு கோத்து மரச்சட்டத்தில் கட்டுவதற்கு. பள்ளங்கள் மழைநீர் வழிந்தோடுவதற்கு. துணியும் மரமும் ஓலையும் மக்கிப் போவதால், மண்ணில் எஞ்சியதை வைத்து வாழ்க்கையைச் சொல்லமுடியாது என்பார்கள். மக்கியது உண்மை, ஆனால் போன பொருள் தன் தடத்தை வேறொன்றில் விட்டுச் செல்கிறது. சட்டம் போனாலும் துளை இருக்கிறது. துணி போனாலும் நூல் நூற்ற தக்களியும், கூரிய எலும்புக் கருவிகளும், செப்பு ஊசியும் இருக்கின்றன. தக்களி மட்டும் கிடைத்தால் நூற்பு என்று நிறுத்திக்கொள்ளலாம்; இவை ஒரே களத்தில் சேர்ந்து கிடைக்கும்போது நெசவுத் தொழில் நடந்தது என்ற முடிவு வலுப்பெறுகிறது. உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் உழைப்புக்கு இடையே ஓய்வும் இருந்ததைக் காட்டுகின்றன.

பானையோடுகளில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ போன்ற பெயர்கள் உள்ளன. இவற்றைக் குயவரே எழுதியிருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. ஆனால் பெரும்பாலானவை பானை காய்ந்தபின் தோள்பகுதியில் கீறப்பட்டவை. எழுத்தின் பாங்கும் ஒன்றுபோல் இல்லை. எனவே பலர் தம் பானையில் தாமே பெயர் பொறித்தார்கள் எனக் கொள்வதே பொருத்தம். ஊரில் எல்லோரும் கற்றவர்கள் என்று இதைக்கொண்டு நீட்டிச் சொல்லக்கூடாது. எழுத்து அடுக்களைப் பானைவரை வந்திருந்தது என்று சொல்லலாம், அதுவே பெரிய செய்தி. அடுத்தடுத்த ஆய்வுகளில் கால எல்லை முன்பின் நகரக்கூடும். நகர்ந்தாலும், மழைநீர் வடிய ஈரக்களிமண்ணில் ஒருவர் விரலால் போட்ட வழி அழியாது.